மைல்ட் ஸ்டீல் மனசு



நம்ம ஹாஸ்டலில் ஒருத்தனை மட்டம் தட்ட வேண்டுமென்றால் என்ன சொல்கிறோம்? "அவன் ரொம்ப சாஃப்ட்டுப்பா!" அவ்வளவுதான், அவன் கதை முடிந்தது. கத்திப் பேசுபவன் கெத்து. தன்மையாகப் பேசுபவன் பயந்தாங்கொள்ளி. இந்தக் கணக்கு சரிதானா?

நான் மெக்கானிக்கல் மாணவன். அதனால் ஒர்க்‌ஷாப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல். கடினமானதுதான். ஆனால் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டால் விரிசல் விட்டு உடைந்துவிடும். மைல்ட் ஸ்டீலில் கார்பன் சுமார் 0.25 சதவீதம் வரைதான். பேரிலேயே 'மைல்ட்' இருக்கிறது! அது வளையும், நீளும், சட்டென்று உடையாது. ஆங்கிளும் சேனலுமாக எத்தனையோ கூரைகளைத் தாங்கி நிற்பது அதுதான்.

உளியை எடுத்துக்கொள்ளுங்கள். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகும். அப்படியே கொண்டுபோய் வெட்டினால் முனை தெறித்துவிடும். மறுபடியும் மிதமாகச் சூடாக்கி டெம்பரிங் செய்ய வேண்டும். கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்தால்தான் உளி உழைக்கும். கோபத்தையும் 'டெம்பர்' என்கிறோம். ஆனால் டெம்பரிங் செய்வது கடுமையைக் குறைக்கத்தான். வேடிக்கையாக இல்லை?

இரும்பை விடுங்கள், மனுசனுக்கு வருவோம். என் அப்பா மண்டியில் சுமை தூக்குபவர். 50 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பலகையில் நடப்பார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். முதல் வருடம் கணக்கில் அரியர் விழுந்ததும் அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். "அடுத்த தடவ பாத்துக்கலாம்யா, சாப்புடு" என்றார். அன்று அவர் என்னை அடித்திருந்தால் படிப்பை விட்டிருப்பேன். அடிக்கவில்லை. அதனால்தான் பாஸ் செய்தேன். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொல்ல முடியுமா?

இப்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு முதலாம் ஆண்டு தம்பியை நிற்க வைத்து இங்கிலீஷ் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னோம். அவன் திணறத் திணறச் சிரித்தோம். அதற்கு ஒரு வருடம் முன்னால் அதே மாதிரி திணறியவன் நான். இருந்தும் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவனும் நான்தான்! அன்று ராத்திரி அவன் ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டிவிட்டான்.

அப்போது ஃபைனல் இயரில் இருந்த ஓர் அண்ணன், நாங்கள் 'சாஃப்ட்டு' என்று கேலி செய்தவர், எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. "போதும்டா, விடுங்க" என்றார். பிறகு அந்தத் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்து விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார். காலையில் தம்பி வகுப்புக்கு வந்தான்.

1996-ல் நம் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவ மாணவன் சீனியர் ஒருவனால் கொல்லப்பட்டான். 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை. சட்டம் கையைக் கட்டும், சரி. ஆனால் ஹாஸ்டல் அறைக்குள் ராத்திரி பத்து மணிக்கு யார் வந்து பார்ப்பது? அந்த அண்ணன் மாதிரி ஒருத்தர்தான் வரவேண்டும்.

"தன்மையா இருந்தா ஏறி மிதிப்பாங்களே?" என்பீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது மென்மை இல்லை நண்பா, அதுதான் பயம்! பத்துப் பேரோடு சேர்ந்து சிரிக்க எனக்குத் தைரியம் தேவைப்படவில்லை. பத்துப் பேர் நடுவில் "போதும்" என்று சொல்ல அவருக்குத் தேவைப்பட்டது. வள்ளுவர் இனியவை கூறலுக்கென்றே பத்தாவது அதிகாரத்தை ஒதுக்கியதும் சும்மாவா?

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. கேட்டபோது "பரவால்லண்ணே" என்று ஒரே வார்த்தைதான் சொன்னான். இந்தக் கட்டுரையில் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தவனும் அவன்தான்!

நண்பர்களே, வரும் ஆண்டும் புதுத் தம்பிகள் டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் முதல் பட்டதாரிக் கனவு. "சாப்டியாடா தம்பி?" என்று முதலில் கேட்பது யார்? நீங்களா, நானா?

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்