அறிவுரைக்கு எட்டுப் பேர், ஆபத்துக்கு எவர்?

கொல்லிமலையின் குண்டனி நாட்டுச் சிற்றூர்களிலே கொடியேற்றிக் கூட்டம் நடத்தும் தோழர்களே! வல்லரசுகளோடு படைக் கூட்டுச் சேர்ந்துவிட்டால் ஆபத்தே அணுகாது என்று பேசுவோர் இன்று பெருகி வருகின்றனர். உங்களுக்கு இது புதிய கதையன்று. வல்வில் ஓரியைப் போரிலே வீழ்த்தியவன் மலையமான் திருமுடிக்காரி. கொல்லியோ சேரனுக்குப் போயிற்று!

சீட்டோவை எண்ணிப் பாருங்கள். 1954 செப்டம்பர் 8 அன்று மணிலாவிலே எட்டு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. அயலுறவு அமைச்சர்களின் மன்றம் மேலே. அதன்கீழ், நாட்டுக்கொருவராக மூத்த படைத்தலைவர்கள் அமர்ந்த இராணுவ ஆலோசகர் குழு. அமெரிக்காவின் சார்பில் அமர்ந்தவர், ஹவாயிலிருந்து பசிபிக் படைகளையே நடத்திய தலைமைத் தளபதி! ஆலோசகர்கள் கலைந்து சென்ற நாட்களிலும் பணி தொடர, 1957-இல் பாங்காக்கிலே இராணுவத் திட்ட அலுவலகம் அமைந்தது. திட்டங்கள் வரைந்தனர், கூட்டுப் பயிற்சிகள் நடத்தினர். ஆனால், கூட்டுக்கெனச் சொந்தப் பட்டாளம் ஒன்றேனும் உண்டா? இல்லை. ஆலோசகர் கூறுவது அறிவுரை. ஆணையிடுவதோ அவரவர் தலைநகரம். முடிவு ஒருமனதாக வேண்டும் என்பதோ விதி.

லாவோஸ் நெருக்கடியிலே விதி வேலை செய்தது. பிரான்சு இசையவில்லை, திட்டம் ஏட்டிலேயே கிடந்தது. தாய்லாந்து கலங்கியது. எல்லோரும் இசையாவிடினும் தான் தனித்தே உதவக் கடமைப்பட்டிருப்பதாக 1962 மார்ச்சில் அமெரிக்கா அறிவிக்க நேர்ந்தது. எட்டுப் பேர் ஒப்பந்தம், இறுதியில் ஒருவர் வாக்குறுதியாயிற்று!

பாகிஸ்தானின் கதி இன்னும் பரிதாபம். 1965 போரில் கூட்டாளிகளை நோக்கிக் கை நீட்டியது, எவரும் வரவில்லை. தன் கடமை கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்புக்கு எதிராக மட்டுமே என்று அமெரிக்கா தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்ததன்றோ! 1973-இல் பாகிஸ்தான் வெளியேறியது; 1977 ஜூன் 30-இல் சீட்டோவே மறைந்தது.

நேரு அக்கூட்டில் சேர மறுத்தார். 1962-இல் சீனம் பாய்ந்தபோது அமெரிக்காவிடமும் பிரிட்டனிடமும் ஆயுதம் கேட்கவில்லையா என்பர். கேட்டோம், உண்மை. இடர் வந்தபோது உதவி கேட்பது வேறு. போரும் அமைதியும் தீர்மானிக்கும் உரிமையைப் பிறர் மேசையில் வைப்பது வேறு.

2021-இல் தலைவர்கள் முதன்முறையாகக் கூடிய 'குவாட்' அமைப்பிலே பாதுகாப்பு ஒப்பந்தம் ஏதுமில்லை. அதைப் படைக் கூட்டாக்கத் துடிப்போர் நாடாளுமன்றத்திலே விடையளிக்கட்டும்: இமயத்திலே துப்பாக்கி வெடித்தால் வருவதாக எழுத்தில் தருபவர் யார்? தைவான் கடலிலே வெடித்தால், நம் பிள்ளைகளை அனுப்ப ஒப்புதல் தருபவர் யார்?