தாயைக் காட்டாதவரிடம் நாய்க்குட்டி வாங்கலாமா?

தெருநாய்ப் பிரச்சினை நாடு முழுவதும் பெரிய விவாதம் ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டு மாதம் டெல்லித் தெருநாய்கள் பற்றி உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், அதே மாதம் 22-ந் தேதி அதில் செய்த திருத்தமும், பின்னர் நவம்பரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றும்படி இட்ட ஆணையும் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரிந்தவையே.

ஆனால் தெருவில் திரியும் நாயைப் பற்றிப் பேசிய அளவுக்கு, காசு கொடுத்து வாங்கும் நாயைப் பற்றிப் பேச்சு எழவில்லை. அந்தக் குட்டி எங்கே பிறந்தது? அதன் தாய் எந்த நிலையில் இருக்கிறது? விற்றவர் யார்? வாங்குகிறவரும் கேட்பதில்லை; விற்கிறவரும் சொல்வதில்லை.

சயானிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அயலார் விவகாரம் அல்ல. பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்று ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துக் குட்டி வாங்குகிறவர்கள் உண்டு. அந்தக் குட்டி ஒரே வாரத்தில் ரத்தமாகக் கழிந்து செத்துப்போனால், போவது பணம் மட்டும் அல்ல. அழுகிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

மூன்று வழிகள், ஒரே குறை

சயானில் இருப்பவர் நாய்க்குட்டி வாங்க நினைத்தால் அவருக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பிராணிகள் விற்கும் கடை. இரண்டாவது, செல்போன். வாட்ஸ்அப்பில் படம் வரும். முன்பணம் அனுப்பினால் யாரோ ஒருவர் கூடையில் குட்டியை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார். மூன்றாவது, ஊர். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வேண்டும் என்று சொந்தக்காரரிடம் சொல்லி வைப்பது.

மூன்று வழிகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. வாங்குகிறவர் தாய் நாயைப் பார்ப்பதே இல்லை.

தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள், பாலைப் பார்த்துப் பசுவைக் கொள் என்பது நம்மவர்கள் வழக்கு. பசு வாங்கப் போனவர் கறந்து பார்க்காமல் பணம் கொடுத்ததில்லை. நாய் விஷயத்தில் மட்டும் படத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம்.

விதி என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. நாய் இனவிருத்தி மற்றும் விற்பனைக்கான விதிகளை மத்திய அரசு 2017-ம் ஆண்டு மே மாதம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே பிராணிக் கடைகளுக்கும் தனி விதிகள் வந்தன.

பிரீடர் என்று சொல்லப்படும் பண்ணைக்காரர், மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். பெட்டை நாய்க்கு 18 மாதம் ஆகும் முன்பும், 8 வயது கடந்த பின்பும் இணை சேர்க்கக் கூடாது. ஓராண்டில் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசி போட்டு, மைக்ரோசிப் பொருத்திய பிறகே விற்கலாம். பொது இடத்தில் வைத்துக் கூவி விற்கவும் கூடாது. ஸ்டேஷன் வாசல் கூடை வியாபாரம் இந்த விதியிலேயே அடிபட்டுப் போகிறது.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? கணக்கு எளிது. பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு, ஏழு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். பேராசைக்காரர் ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டு ஈற்று எடுத்துவிடலாம். குட்டியை முப்பதாவது நாளே விற்றுவிட்டால் தீனிச் செலவும் இல்லை, ஊசிச் செலவும் இல்லை. லாபம் அவருக்கு. எலும்பும் தோலுமாகக் கூண்டில் கிடப்பது தாய் நாய். அதனால்தான் அதை வாங்க வருபவரின் கண்ணில் காட்டுவதில்லை.

நூறு ரூபாய் அபராதம்

விதி இருந்தும் வியாபாரம் நடக்கிறதே, எப்படி என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை மூலச் சட்டத்தில் இருக்கிறது.

பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-ம் ஆண்டு வந்தது. அதற்கு வித்திட்டவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதற்கு முன்னோடி. 1962-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அந்தச் சட்டம் வதைக் குற்றத்துக்கு முதல் தடவை விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அதன் கீழ் வந்த விதிகளை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-ல் 50 ரூபாய் பெரிய தொகை. இன்று ஒரு குட்டியைப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறவருக்கு அது டீச்செலவுக் காசு. பதிவை ரத்து செய்யலாம் என்கிறது விதி. பதிவே செய்யாதவரிடம் எதை ரத்து செய்வது?

அரசாங்கத்தின் கவனமும் வேறு பக்கம் போயிற்று. 2024 மார்ச் 12-ந் தேதி, பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 வகை நாய்களின் விற்பனைக்கும் இனவிருத்திக்கும் அனுமதி தரக்கூடாது என்று மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கூறி, கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் 10-ந் தேதி அதை ரத்து செய்துவிட்டது. எந்த நாய் என்று பார்த்தார்களே தவிர, யார் விற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. சாதுவான இனத்தையும் இருட்டறையில் அடைத்து வளர்த்தால் கடிக்கத்தான் செய்யும்.

ஊர் நாய் மோகம்

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ராஜபாளையம் நாய் என்றால் ஒரு பெருமை. 2005 ஜனவரியில் தபால் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டு 30-ந் தேதி பிரதமர் தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

இனம் நல்ல இனம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நல்ல இனம் வேறு, நல்ல பண்ணை வேறு. சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்காகத் தமிழக அரசே ஓர் இனப்பெருக்க நிலையம் நடத்தி வந்தது. பிராணிகள் நல வாரியம் அங்கே சோதனை செய்து குறைகளை அறிக்கையாகக் கொடுத்தது. 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நிலையத்தை மூடும்படி உத்தரவிட்டது. நாட்டு நாய் இனம் அழிந்துவிடும் என்று ஆர்வலர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அவர்கள் கவலை நியாயமானதே. ஆனாலும் அரசு நிலையத்துக்கே இந்த நிலை என்றால், விலாசம் தெரியாத ஆளின் பண்ணை எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பால் வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் சேர்ந்து வருகிறது. நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இணை சேர்ப்பது இப்படிப்பட்ட பிறவிக் குறைகளைப் பெருக்கும். குட்டியைத் தனியாகப் பிரித்து, அது பார்க்காத பக்கம் தள்ளி நின்று ஓசை எழுப்பிப் பார்க்க வேண்டும். மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது சோதித்தால் பயன் இல்லை; செவிட்டுக் குட்டியும் கூடப்பிறந்தவை திரும்பினால் தானும் திரும்பிவிடும்.

இது வேட்டை நாய். ஓடினால்தான் அதற்கு உடம்பு நிற்கும். பத்துக்குப் பத்து அறையில் சங்கிலி போட்டுக் கட்டுவதற்கு ஏற்றதா என்பதையும் வாங்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து கொண்டுவருவது அடுத்த சோதனை. அட்டைப்பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. ரெயிலில் முறையாக அனுப்ப வழி இருக்கிறது. பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, கார்டு வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் ஏற்றலாம். 1978-ம் ஆண்டின் பிராணிகள் போக்குவரத்து விதிகளின்படி கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று வேண்டும். ஆனால் ஒன்றரை நாள் பயணத்தைச் சின்னக் குட்டி தாங்குமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். லீவில் ஊருக்குப் போகும்போது தாயையும் குட்டியையும் நேரில் பார்த்துவிட்டு, குட்டி வளர்ந்த பின் எடுத்து வருவதே உத்தமம்.

எட்டு வாரம் ஏன்?

"சின்னதாக வாங்கினால்தான் நன்றாகப் பழகும்" என்பது விற்கிறவர்கள் சொல்லும் பழைய பாட்டு. இதில் உண்மை இல்லை. கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. முன்னதாகப் பிரித்த குட்டி அந்தப் பாடத்தைப் பிள்ளைகளின் கையில் கற்றுக்கொள்ளும்.

நோய் இதைவிட முக்கியம். பார்வோ என்ற கிருமி 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய ஒன்று. வாந்தி, ரத்தப்போக்கு, சில நாளில் மரணம். இதற்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். கிருமி உள்ளே போய் நோய் தெரிய மூன்று நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். ஆகவே, வாங்கும்போது துள்ளி ஓடிய குட்டி ஒரு வாரத்தில் சாவது அதிசயம் அல்ல; அது பெரும்பாலும் விற்ற இடத்திலேயே தொற்றிய நோய்.

வயதைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் வாயைத் திறந்து பார்க்கலாம். எட்டு வாரக் குட்டிக்குப் பால் பற்கள் 28-ம் ஏறக்குறைய முளைத்திருக்கும்.

காகிதம் எதைக் காட்டும்?

"பேப்பர் உள்ள நாய்" என்று கூடுதல் விலை சொல்வார்கள். சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியக் கென்னல் கிளப்பின் சான்றிதழைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது குட்டியின் வம்சாவளியைக் காட்டும். உடல்நலத்தைக் காட்டாது. பண்ணைக்காரர் வாரியத்தில் பதிவு பெற்றவர் என்பதற்கும் அது அத்தாட்சி ஆகாது. இரண்டும் வேறு வேறு காகிதங்கள். இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டும், மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நல்ல பண்ணைக்காரரை அறிய இன்னொரு அடையாளம் உண்டு. அவர் நம்மைக் கேள்வி கேட்பார். வீடு எவ்வளவு பெரியது, பகலில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள் என்று விசாரிப்பார். வளர்க்க முடியாமல் போனால் திருப்பிக் கொடுங்கள் என்பார். பணம் எப்போது வரும் என்று மட்டும் கேட்பவர் வியாபாரி.

வாங்கிய மறுநாளே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சயானிலிருந்து மூன்றாவது நிலையமான பரேலில் கால்நடைக் கல்லூரியும், பழம்பெரும் பாய் சக்கர்பாய் பிராணிகள் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மாநகராட்சியில் நாய் லைசென்சும் எடுத்துவிட வேண்டும்.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6-ந் தேதி முதல் இடைத்தரகர்கள் ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியை விற்க முடியாது. வளர்த்தவரே, பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து 2013-ல் மீட்கப்பட்ட லூசி என்ற பெட்டை நாயின் பெயரால் அந்தச் சட்டம் அழைக்கப்படுகிறது. பிரான்சில் 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்பதே கிடையாது.

அந்த நாட்டார் சட்டம் போட்டுச் செய்ததை நம் ஊரில் ஒவ்வொரு வீட்டாரும் இன்றே செய்யலாம். செலவு ஒரு ரெயில் டிக்கெட்தான். தாயைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும், "தாய் பண்ணையில் இருக்கிறது, பண்ணை தூரம்" என்று பதில் வந்தால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். "குட்டி பாவம், இதையாவது காப்பாற்றுவோம்" என்று இரக்கப்பட்டு வாங்குவதும் தவறு. காலியான கூடையை நிரப்ப, கூண்டில் இருக்கும் தாய் மறுபடியும் சினையாக்கப்படும். உண்மையிலேயே ஒரு ஜீவனைக் காப்பாற்ற நினைப்பவர்கள், பிராணிகள் நலச் சங்கங்களிலோ சொந்தத் தெருவிலோ உள்ள ஒரு நாட்டுக் குட்டியை எடுத்து ஊசி போட்டு வளர்க்கலாம். விலை இல்லை, மும்பை வெயிலும் மழையும் அதற்குப் புதிதும் அல்ல.

அபராதத் தொகையை உயர்த்துவது பாராளுமன்றத்தின் வேலை. பதிவில்லாத பண்ணைகளைப் பிடிப்பது மாநில வாரியத்தின் வேலை. இரண்டும் எப்போது நடக்கும் என்று சொல்வதற்கில்லை. அதுவரை இந்த வியாபாரத்தின் கடிவாளம் வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது. தாயைக் காட்டாதவருக்குப் பணம் இல்லை என்று நாலு பேர் உறுதியாக நின்றால், நூறு ரூபாய் அபராதம் செய்ய முடியாததை அது செய்துவிடும்.