மூன்று பெப்ரவரிகள்: ஹைதராபாத் ஓபன் சொல்லும் பாடம்

2022இல் சென்னையில் மகளிர் டென்னிஸ் சுற்றுப்போட்டி ஒன்று பெரும் ஆரவாரத்துடன் நடந்தது. 17 வயதான செக் வீராங்கனை லிண்டா ஃப்ருவிர்தோவா சம்பியனானார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் போட்டி நடக்கவில்லை. 2025இல்தான் மீண்டும் நடந்தது. இந்த இடைவெளி ஏன் கவலைக்குரியது என்பதை விளங்கிக்கொள்ள, ஹைதராபாத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

2003இல் ஆந்திரப் பிரதேச சுற்றுலாத்துறையின் பெயரைத் தாங்கி ஹைதராபாத் ஓபன் தொடங்கியது. தாய்லாந்தின் தமரீன் தனசுகார்ன் முதல் சம்பியன். தரவரிசைப்படி தகுதி பெறாத உள்ளூர் வீராங்கனைகள் சிலருக்கு ஏற்பாட்டாளர்கள் நேரடி அனுமதி வழங்க முடியும். 'வைல்ட் கார்ட்' எனப்படும் அந்த அனுமதியுடன் களமிறங்கிய 16 வயது ஹைதராபாத் சிறுமி, முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறினார். அவர்தான் சானியா மிர்ஸா.

போட்டி அந்த ஓராண்டோடு நின்றிருந்தால், அந்தத் தோல்வியை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் 2004இலும் அது நடந்தது. சானியா, லீசல் ஹியூபருடன் இணைந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். 2005இல் இறுதியாட்டத்தில் உக்ரைனின் அலோனா பொன்டரென்கோவை 6-4, 5-7, 6-3 என வீழ்த்தி, டபிள்யூ.ரி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். சில வாரங்களில் டுபாயில், அப்போதைய யூ.எஸ். ஓபன் சம்பியன் ஸ்வெட்லானா குஸ்னெற்சோவாவையும் தோற்கடித்தார். அந்த ஆண்டு முடிவில் உலகத் தரவரிசையில் 31ஆம் இடம் அவருடையது.

அதன்பின் போட்டி பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. ஹைதராபாத்தில் 140,000 டொலராக இருந்த பரிசுத்தொகை, 2008இல் 600,000 டொலரானது. வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகள் வந்தார்கள். செரீனா பட்டத்தை வென்றார். சானியாவோ, தன்னைச் சுற்றி எழுந்த தொடர் சர்ச்சைகளால் அந்த ஆண்டு இந்தியாவில் ஆடுவதில்லை என முடிவெடுத்திருந்தார். போட்டி உச்சத்தைத் தொட்ட அந்த ஆண்டே அதன் கடைசி ஆண்டும் ஆனது.

அதன் பிறகு 2022 சென்னை வரை, 14 ஆண்டுகள், இந்தியாவில் அந்தத் தரத்தில் மகளிர் போட்டி எதுவும் இல்லை. புனேயிலும் மும்பையிலும் இடையில் நடந்தவை ஒரு படி கீழானவை. வெளிநாடுகளுக்குப் பயணம் செய்யப் பணமில்லாத பெண்களுக்கு, சொந்த ஊரில் திறந்திருந்த கதவு ஒரு தலைமுறைக்கே மூடப்பட்டது.

அரசுகளும் அனுசரணையாளர்களும் பெரும்பாலும் கணக்கிடுவது எத்தனை நட்சத்திரங்கள் வந்தார்கள் என்பதைத்தான். ஹைதராபாத் வேறொரு கணக்கைக் காட்டுகிறது. அங்கு முதலாண்டில் தோல்வி, இரண்டாமாண்டில் இரட்டையர் பட்டம், மூன்றாமாண்டில் ஒற்றையர் பட்டம். அந்த வளர்ச்சிக்குத் தேவைப்பட்டது பெரும் பணமல்ல, தொடர்ச்சி. 2022இல் சென்னையில் முதல் சுற்றில் தோற்ற ஒரு பெண், அதே களத்தில் மறுபடி ஆட மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. விளையாட்டு வீராங்கனையின் வாழ்வில் மூன்று ஆண்டுகள் சிறிய காலமல்ல.