பழைய பங்களா நகைக்கடை ஆகட்டும்... ஆனா சுவர் மூச்சு விடணுமே!

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டி உப்புநீரைத் தேக்குகிறார்கள். வெயிலில் நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. அங்கிருந்து ஈ.சி.ஆரில் தெற்கே சுமார் 35 கி.மீ. போனால் புதுச்சேரி. அங்குள்ள பிரெஞ்சுக் காலத்து வீடுகளின் சுவருக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது.

சுவருக்குள் உப்பா?

ஆமாம். கடற்காற்றும் நிலத்தடி ஈரமும் உப்பைச் செங்கல்லுக்குள் கொண்டுபோகின்றன. ஈரம் காயும்போது உப்பு படிகமாகி, காரையை உடைத்துத் தள்ளுகிறது. 'சுவரு உப்பு பூத்துடுச்சு'ன்னு வீட்டில் சொல்வோமே, அதேதான்.

சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அது உதிர்ந்தாலும் செங்கல் தப்பிக்கும், மறுபடி பூசிக்கொள்ளலாம். அதன் இடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு செங்கல்லையே அரிக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடி.

அப்போ கடையே வேண்டாமா?

அப்படி இல்லை. பராமரிப்பு இல்லாத கட்டடம் என்னாகும் என்பதற்குப் புதுச்சேரி மேரி கட்டடமே சாட்சி. 1870-களில் எழுந்த அது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி, 2021-ல்தான் திறந்தார்கள். ஆனாலும் பழைய கட்டடம் போனது போனதுதான்.

ஒயிட் டவுன் வீடுகள் கஃபே, ஹோட்டல், நகைக்கடை என மாறுவதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கூரை ஒழுகினால் சரிசெய்யப் பணம் வேண்டும். கடை அதைச் சம்பாதித்துத் தருகிறது. ஆனால் முகப்புக்கு மட்டும் மஞ்சள் பெயின்ட் அடித்து, தேக்கு உத்தரத்தை ஃபால்ஸ் சீலிங்கால் மறைத்து, சுவருக்கு சிமென்ட் பூசினால் அது மீட்பு ஆகாது, மேக்கப்தான்.

பழைய வீட்டைக் கடையாக்க அனுமதி தரும்போதே, சுண்ணாம்பில்தான் பழுதுபார்க்க வேண்டும், ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பது கட்டாய நிபந்தனையாக இருக்க வேண்டும். ஒயிட் டவுன் பங்களாவுக்கும் வைசியாள் வீதித் திண்ணை வீட்டுக்கும் ஒரே விதிதான்.

அடுத்த முறை அங்கே கம்மல் வாங்கப் போனால், செல்ஃபிக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "சுவருக்கு என்ன பூசியிருக்கீங்க?" வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரரும் யோசிப்பார்.