சாட்சி சொன்னால் அழுகை, கொலைகாரன் எழுதினால் ஆவணமா?

யூத இனப்படுகொலை பற்றி யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். உடனே இரண்டு பெயர்கள் வந்து விழும். ஒன்று ஹிட்லர், இன்னொன்று ஆன் ஃபிராங்க். கொன்றவன் ஒருவன், டைரி எழுதிய சிறுமி ஒருத்தி, நடுவில் 60 லட்சம் என்று ஒரு எண். அதோடு கதை முடிந்தது! அந்த 60 லட்சம் பேரில் வேறு யாரும் ஒரு வரிகூட எழுதி வைக்காமல், வாயை மூடிக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டார்கள் என்பதுபோல ஒரு நினைப்பு.

கொஞ்சம் படித்தவர்கள் வந்தால் விவாதம் இன்னும் மோசமாகிறது. "பாதிக்கப்பட்டவர்கள் சொல்வது உணர்ச்சி. வரலாறு என்றால் ஆவணம் வேண்டும், கையெழுத்து வேண்டும், முத்திரை வேண்டும்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரிய அநியாயம். அந்த முத்திரை யாருடைய மேசையில் இருந்தது? கொலைகாரனுடைய மேசையில்!

சரி, ஒவ்வொரு வாதமாகப் பார்ப்போம்.

வாதம் 1: "அரசு ஆவணம்தான் நம்பகமானது"

நாஜி அரசு ஆவணங்களின் லட்சணம் என்ன? ஆட்களைக் கொன்றதை "சிறப்பு நடவடிக்கை" என்று எழுதினார்கள். சாவுக்கு அனுப்பியதை "கிழக்கே குடியமர்த்தல்" என்று எழுதினார்கள். 1943-ல் கோர்ஹெர் என்ற புள்ளியியலாளர் யூதர்கள் பற்றிய கணக்கறிக்கையைத் தயாரித்தபோது, "சிறப்பு நடவடிக்கை" என்ற அந்த மழுப்பல் வார்த்தைகூட வேண்டாம், மாற்று என்று ஹிம்லரிடமிருந்து உத்தரவு போனது. அதே ஆண்டு அக்டோபரில் போசன் நகரில் தன் அதிகாரிகளிடம் பேசிய ஹிம்லர், இது எப்போதும் எழுதப்படாமலே இருக்க வேண்டிய பக்கம் என்று பெருமையாகவே சொன்னான். 1942 முதல் பால் புளோபெல் என்ற அதிகாரியின் கீழ் தனிப்படை வைத்து, புதைத்த பிணங்களைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். எலும்புகூட சாட்சி சொல்லக் கூடாதாம்.

"ஹிட்லர் கையெழுத்துப் போட்ட உத்தரவு எங்கே?" என்று இன்றைக்கும் மறுப்பாளர்கள் கேட்பது இந்த ஓட்டையை வைத்துத்தான். ஓட்டை போட்டவனே கொலைகாரன். அவன் போட்ட ஓட்டையைக் காட்டி "ஆதாரம் இல்லை" என்பது, வீட்டைக் கொளுத்தியவனிடமே பத்திரத்தைக் கேட்பது மாதிரி.

நாஜி ஆவணங்கள் பயனற்றவை என்று யாரும் சொல்லவில்லை. நியூரம்பர்க் விசாரணையில் அமெரிக்கத் தரப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன் சாட்சிகளைவிட ஜெர்மன் ஆவணங்களையே அதிகம் நம்பினார். எதிரியின் கையெழுத்தை வைத்தே எதிரியை மடக்கினார், சரிதான். ராவுல் ஹில்பெர்க் 1961-ல் வெளியிட்ட பெரும் ஆய்வும் அந்த ஆவணங்களின் மேல் எழுந்ததே. கொலை இயந்திரம் எப்படி ஓடியது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொன்ன நூல்கள் குறைவு. ஆனால் இயந்திரத்தின் பதிவேட்டில் மனிதன் எப்படி இருப்பான்? சரக்காகத்தான் இருப்பான். இத்தனை பெட்டி, இத்தனை தலை, இத்தனை மணிக்குக் கிளம்பியது. செத்தவனின் பெயர், பசி, பயம், கோபம், அவன் பக்கத்து வீட்டுக்காரரோடு போட்ட சண்டை, எதுவும் அதில் இருக்காது.

வாதம் 2: "பாதிக்கப்பட்டவர்கள் எழுதவில்லை, எழுதியதும் புலம்பல்"

இதற்குப் பதில் வார்சாவில் இருக்கிறது. எம்மானுவேல் ரிங்கெல்பிளம் என்ற வரலாற்று ஆசிரியர் 1940 நவம்பரில், கெட்டோவின் கதவு மூடப்பட்ட அதே மாதத்தில், ஒரு ரகசியக் குழுவை உருவாக்கினார். சனிக்கிழமைகளில் கூடியதால் "ஓய்னெக் ஷாபெஸ்" என்று பெயர். ஓய்வுநாளின் மகிழ்ச்சி என்று பொருள். சுமார் 50, 60 பேர். ஆசிரியர், எழுத்தாளர், மதகுரு, பொருளாதாரம் படித்தவர் என்று பலதரப்பட்டவர்கள்.

அவர்கள் செய்தது புலம்பல் வேலையா? கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். ஒரே சம்பவத்தைப் பலரிடம் கேட்டு எழுதினார்கள். அகதிகளிடம் அவரவர் ஊரில் நடந்ததைப் பதிவு செய்தார்கள். பெண்களின் நிலை, குழந்தைகளின் நிலை, கள்ளக் கடத்தல், பசி என்று தலைப்பு பிரித்து ஆராய்ந்தார்கள். ரேஷன் கார்டு, டிராம் டிக்கெட், மிட்டாய் சுற்றிய காகிதம், சுவரொட்டி, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை என எல்லாவற்றையும் சேர்த்தார்கள். நாளைய வரலாற்று ஆசிரியனுக்கு எது தேவைப்படும் என்று இன்று எப்படித் தெரியும்? எதையும் தூக்கிப் போடாதே! இதைவிட ஒழுங்கான ஆய்வு முறை எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் தங்கள் ஆட்களையே விட்டுவைக்கவில்லை. தன் சனத்தையே பிடித்துக் கொடுத்த யூதக் காவலர்கள், லஞ்சம், பணக்காரர்கள் தப்பித்துக்கொள்ள ஏழைகள் பசியில் செத்தது, எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கிறது. தன் இனத்தைப் புனிதமாகக் காட்ட நினைப்பவன் இதை எழுதுவானா? உண்மை முழுசாக வேண்டும் என்று நினைத்தவன்தான் எழுதுவான்.

1942 ஜனவரியில் செல்ம்னோ கொலைமுகாமிலிருந்து தப்பி வந்த ஒருவரின் வாக்குமூலத்தையும் இந்தக் குழு பதிவு செய்தது. குழு திரட்டிய தகவல்கள் போலந்து ரகசிய இயக்கத்தின் வழியாக அதே ஆண்டில் லண்டன் வரை போயின. ஆக, உலகத்துக்குத் தெரியாமல் போகவில்லை. தெரிந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

1942 ஜூலை 22-ல் வார்சாவிலிருந்து டிரெப்ளிங்காவுக்கு ரயில்கள் கிளம்பின. ஆகஸ்ட் 3-ஆம் தேதி நோவோலிப்கி தெரு 68-ஆம் எண் பள்ளிக் கட்டடத்தின் அடியில், பத்துத் தகரப் பெட்டிகளில் காப்பகத்தின் முதல் பகுதியைப் புதைத்தார்கள். புதைத்தது இஸ்ரேல் லிச்டென்ஸ்டைன் என்ற ஆசிரியரும் அவருடைய இரண்டு மாணவர்களும். டேவிட் கிராபெருக்கு வயது 19. நாகும் கிஷிவாச்சுக்கு 18. கல்லூரி முதலாமாண்டுப் பிள்ளைகளின் வயது! வெளியே தெருவில் ஆள் பிடிக்கிறார்கள், உள்ளே இவர்கள் தங்கள் கடைசி வார்த்தைகளை எழுதி அதையும் பெட்டிக்குள் போட்டுப் புதைக்கிறார்கள். மூவருமே பிழைக்கவில்லை. லிச்டென்ஸ்டைனின் மனைவி கெலா செக்ஷ்டைன் ஓவியர். அவருடைய ஓவியங்கள் பெட்டிக்குள் இருந்ததால் பிழைத்தன. அவரும் அவருடைய சின்னஞ்சிறு மகளும் பிழைக்கவில்லை.

1943 பிப்ரவரியில் இரண்டாவது பகுதியை இரண்டு பால் கேன்களில் புதைத்தார்கள். ரிங்கெல்பிளம் 1944 மார்ச்சில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். குழுவில் உயிரோடு மிஞ்சியது மூன்றே பேர். அவர்களில் ஹெர்ஷ் வாசருக்கு இடம் தெரிந்திருந்ததால் 1946 செப்டம்பரில் இடிபாடுகளைத் தோண்டிப் பெட்டிகளை எடுத்தார்கள். தண்ணீர் புகுந்து தாள்கள் ஊறிப்போயிருந்தன. பால் கேன்கள் 1950 டிசம்பரில் கிடைத்தன. மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள். வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் இன்றும் இருக்கின்றன. இவ்வளவும் புலம்பலா?

வாதம் 3: "பிழைத்தவர்கள் பல வருஷம் பேசவே இல்லையே"

பேசினார்கள். கேட்டவர்கள் குறைவு, அவ்வளவே. போர் முடிவதற்கு முன்பே, 1944-ல் லுப்ளின் நகரில் பிழைத்த யூதர்கள் வரலாற்று ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த ஆணையம் பல ஆயிரம் வாக்குமூலங்களைச் சேர்த்தது. டேவிட் போடர் என்ற உளவியல் பேராசிரியர் 1946-ல் அமெரிக்காவிலிருந்து கம்பியில் ஒலி பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய், அகதி முகாம்களில் 100-க்கும் மேற்பட்டவர்களை அவரவர் மொழியிலேயே பேசவிட்டுப் பதிவு செய்தார். அந்தக் குரல்களைக் கேட்க அப்போது உலகம் வரிசையில் நிற்கவில்லை.

மிஞ்சிய மூவரில் ஒருவரான ராகெல் அவுர்பாக் பின்னாளில் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனத்தில் வாக்குமூலம் சேகரிக்கும் பிரிவை நடத்தினார். 1961-ல் ஐக்மன் வழக்கில் பிழைத்தவர்கள் கூண்டேறிப் பேசியபோது, அந்தச் சாட்சிகளைத் தேர்ந்தெடுக்க உதவியவர் அவர். நியூரம்பர்க்கில் காகிதம் பேசியது, ஜெருசலேமில் மனிதர்கள் பேசினார்கள். உலகம் காதைத் திறந்தது அப்போதுதான். காது அடைத்திருந்தவன் எதிரில் இருப்பவனை ஊமை என்று சொல்லலாமா?

வாதம் 4: "எல்லாம் சேர்த்தாயிற்று, இன்னும் எதற்கு?"

இதுதான் நல்லவர்கள்கூடச் சொல்லும் வாதம், அதனால்தான் ஆபத்தானது. சேர்த்து வைப்பதோடு வேலை முடியவில்லை, திறந்து வைக்க வேண்டும். ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனவர்களைத் தேடும் சேவைக்காகச் சேர்த்த சுமார் 3 கோடி ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. முகாம் பதிவேடுகள், அடிமை உழைப்புப் பட்டியல்கள், 1.75 கோடி பேரைப் பற்றிய குறிப்புகள். ஆனால் ஆய்வாளர்களுக்கு எப்போது முழுதாகத் திறந்தார்கள் தெரியுமா? 2007 நவம்பரில்! போர் முடிந்து 62 வருஷம் கழித்து. 11 நாடுகள் சேர்ந்த குழு, தனிநபர் ரகசியம் என்று ஒரு காரணம். தன் அப்பா எங்கே செத்தார் என்று கேட்ட பிள்ளைகள் பதிலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அதில் எத்தனை பேர் பதில் வருவதற்குள் செத்தார்களோ! யாருடைய ரகசியத்தை யாரிடமிருந்து காப்பாற்றினார்கள்?

திறந்தும் திரித்தால்? அதுவும் நடந்தது. ரிங்கெல்பிளமின் குறிப்புகள் 1952-ல் கம்யூனிஸ்ட் போலந்தில் முதலில் அச்சானபோது அரசியலுக்கு ஒவ்வாத பகுதிகள் வெட்டப்பட்டன. மண்ணுக்கடியில் தப்பிய வரி, அச்சகத்தில் தப்பவில்லை.

"எல்லாம் கிடைத்தாயிற்று" என்பதும் பொய். ஆஷ்விட்சில் பிணம் எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட மார்செல் நட்ஜாரி என்ற கிரேக்க யூதர் 1944-ல் ஒரு கடிதம் எழுதி, தெர்மாஸ் பிளாஸ்க்கில் வைத்துப் புதைத்தார். 1980-ல் வனவியல் மாணவர் ஒருவர் அந்த இடத்தில் மண்ணைக் கிளறியபோது அது தற்செயலாகக் கிடைத்தது. ஈரத்தில் எழுத்து மங்கி, பத்தில் ஒரு பங்கு போலத்தான் படிக்க முடிந்தது. டிஜிட்டல் படத் தொழில்நுட்பத்தால் 2017-ல் பெரும்பகுதி படிக்கப்பட்டது. நட்ஜாரி முகாமிலிருந்து உயிர் தப்பி, 1971-ல் நியூயார்க்கில் இறந்தவர். தன் கடிதம் கிடைத்ததே அவருக்குத் தெரியாது.

ஓய்னெக் ஷாபெஸ் காப்பகத்தின் மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. அது புதைந்திருக்கலாம் என்று சொல்லப்படும் இடம் இப்போது வார்சாவில் சீனத் தூதரக வளாகம்.

ஆன் ஃபிராங்கைப் படிப்பது தப்பில்லை, கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு டைரியோடு மூடி வைத்துவிட்டு "பாவம்" என்று பெருமூச்சு விடுவது சுலபமான இரக்கம். கிராபெரும் கிஷிவாச்சும் இரக்கம் கேட்டுப் புதைக்கவில்லை. 18, 19 வயதில், சாவு வாசலில் நிற்கும்போது, ரொட்டியைத் தேடாமல் மண்வெட்டியைத் தூக்கியவர்கள் அவர்கள். ஒருநாள் யாராவது தோண்டுவார்கள், எடுப்பார்கள், படிப்பார்கள் என்று நம்பினார்கள்.

தோண்டியாயிற்று, எடுத்தாயிற்று. மூன்றாவது வேலைதான் பாக்கி. அதற்கு மண்வெட்டிகூடத் தேவையில்லை. இனி "ஆதாரம் எங்கே?" என்று எவனாவது கேட்டால், முதலில் அவனிடம் திருப்பிக் கேளுங்கள்: அந்த 35,000 பக்கத்தில் நீ எத்தனை பக்கம் படித்தாய்?