சாரல் காலமும் சொக்கியின் மணல் தொட்டியும்

எங்கள் தென்காசிப் பக்கம் ஆனியில் சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். வீட்டில் இருக்கிற எங்களைக் கேளுங்கள்! துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். தீப்பெட்டி நமுத்துப் போகும். பூனை வளர்க்கிற வீடாக இருந்தால் கூடவே இன்னொரு தொல்லை. பூனை வாசலைத் தாண்டாது.

எங்கள் சொக்கி மற்ற மாதங்களில் புறவாசல் முருங்கை மரத்தடியில் மண்ணைத் தோண்டி, காரியத்தை முடித்து, சமர்த்தாக மூடிவிட்டு வந்துவிடுவாள். ஈர மண்ணில் மட்டும் காலை வைக்க மாட்டாள். ஆகவே சாரல் ஓயும் வரை வீட்டுக்குள்ளேயே அவளுக்கு மணல் தொட்டி வைத்தாக வேண்டும். வைப்பது பெரிதில்லை, மணல் தொட்டியிலேயே இருக்க வேண்டுமே! பட்டாசலில் மணல், அடுக்களையில் மணல், பூஜை அலமாரிக்கு முன்னால் மணல். ஒருநாள் காலையில் இவர் படுக்கையை உதறிவிட்டு, "ராத்திரி நான் திருச்செந்தூர் கடற்கரையிலா படுத்திருந்தேன்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே பெருக்கினேன்.

போன வருஷம் அந்தச் சிரிப்பு நின்றது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வந்த அன்றே என் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில பூனை எதுக்குட்டி? அந்தச் சவத்தைக் கொண்டுபோயி எங்கனயாவது விட்டுட்டு வரச் சொல்லு." பக்கத்து வீட்டு மயினியும் ஆமாம் போட்டார்கள். சொக்கியைக் குட்டியாகத் தாவணிக்குள் பொத்தி எடுத்து வந்ததே என் மகள்தான். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு ஒட்டுண்ணி. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்கிற பூனைக்கு அது தொற்றலாம். தொற்றிய புதிதில் சில நாட்களுக்கு அதன் மலத்தில் முட்டைகள் வெளிப்படும். கர்ப்பிணிக்கு முதல் தடவையாக அது தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடும். ஆனால் வெளிவந்தவுடனே அந்த முட்டை தொற்றாது. குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். "தினமும் அள்ளிவிடுங்கள். உங்கள் மகள் அள்ளக்கூடாது, நீங்கள் அள்ளிச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பூனையை விரட்ட வேண்டாம். தொட்டி மணல் இவள் நடமாடுகிற இடத்துக்கு வராமல் பாருங்கள்" என்றார். அரைவேக்காட்டு இறைச்சியாலும், சரியாகக் கழுவாத கீரை காய்கறியாலும்கூட இது வருமாம்.

அத்தை புறவாசலில் ஆசையாகப் போட்டிருக்கும் தண்டங்கீரைப் பாத்திதான் தெருப் பூனைகள் அத்தனைக்கும் மணல் தொட்டி! இதை மெதுவாகச் சொன்னேன். அத்தை பேச்சை மாற்றிவிட்டார்கள். சொக்கி தங்கினாள்.

ஆனால் டாக்டரம்மா சொன்ன கடைசி விஷயம் இருக்கிறதே, மணல் பரவாமல் பார்ப்பது, அதுதான் என்னைப் படுத்திவிட்டது. செங்கோட்டைப் பக்கம் மரம் அறுக்கும் மில்களுக்குக் குறைவில்லை. அங்கிருந்து ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி வந்து நிரப்பினோம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் காற்று எப்படிப்பட்டது என்று காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். யாரோ புறவாசல் கதவைத் திறக்க, மரத்தூள் பறந்து வந்து சாம்பாரில் விழுந்தது. அடுத்து, வீடு பழுதுபார்த்து மிஞ்சிய மணல். அது சாரலில் காயவே இல்லை. பாதத்தில் அப்பிக்கொண்டு பவனி வந்தது. கடைசியில் கடையில் விற்கிற களிமண் குருணை வாங்கினோம்.

இந்தக் குருணை பிறந்த கதையே வேடிக்கை. 1947-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு அம்மாள் பூனைக்குச் சாம்பல் போட்டு வந்தாராம். பூனை அதை மிதித்துக்கொண்டு வீடெல்லாம் கரித்தடம் போட, அண்டை வீட்டு எட் லோ என்பவரிடம் மணல் கேட்கப் போனார். அவர் எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்காக விற்று வந்த ஒருவகைக் களிமண்ணைக் கொடுத்தார். பிறகு அதையே பையில் அடைத்து விற்று ஆள் எங்கேயோ போய்விட்டார். அங்கேயும் இதே புலம்பல்தான் பாருங்கள்!

குருணை வந்த பிறகும் பரவத்தான் செய்தது. தப்பு எங்கே என்று ஒருநாள் உட்கார்ந்து சொக்கியையே கவனித்தேன். தொட்டி இருந்தது குளியலறை ஓரம். ஈரத் தரையில் நடந்து வந்து குருணையில் இறங்கினால் விரல் இடுக்கெல்லாம் ஒட்டாதா? தொட்டியை மச்சுப் படிக்கு அடியில் மாற்றினேன்; ஈரமும் இல்லை, காற்றும் இல்லை. அடுத்தது, தொட்டி தட்டையாக இருந்தது. நானோ தாராள மனசாகக் குவித்து வைத்திருந்தேன். அவள் பின்னங்காலால் வாரியடித்தால் பாதி வெளியே. ஒரு அடி உயரமுள்ள பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கி, ஒரு பக்கம் மட்டும் ஐந்து அங்குலம் விட்டு வெட்டி வாசல் வைத்தோம். வெட்டிய விளிம்பு கீறாமலிருக்க இவர் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து மாட்டினார். குருணை இரண்டு அங்குல உயரம் போதும், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

வெளியே வருகிற வழியில் ஏதாவது விரிக்க வேண்டும். அவசரத்துக்குப் பழைய பத்தமடைப் பாயை விரித்து, கோரைச் சந்தில் போன குருணையை ஊசியால் நெம்பி எடுத்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். இப்போது அடியில் கோணிச் சாக்கு, மேலே ஓட்டை போட்ட ரப்பர் மிதியடி. காலில் இருப்பது ஓட்டையில் உதிர்ந்து சாக்கில் தங்கிவிடும். ஆனால் சொக்கி ஒரே தாவலில் மிதியடியைத் தாண்டிவிட்டாள்! டப்பின் வாசலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, டிரங்குப் பெட்டியைப் பக்கத்தில் போட்டுச் சந்து மாதிரி ஆக்கினேன். தலைக்கு மேலே படி இருப்பதால் தாவ முடியாது. மூன்றடி தூரம் நடந்தே வர வேண்டும். இதுதான் பெரிய பலன் தந்தது.

பொடிக் குருணையைவிடப் பருக்கைக் குருணை குறைவாக ஒட்டுகிறது. ஒரேயடியாக மாற்றாதீர்கள். நான் மாற்றினேன், சொக்கி துவைத்து வைத்த துணிக்கூடைக்குப் போய்விட்டாள். பழையதில் கால் பங்கு கலந்து ஆரம்பித்தால் சரியாகிவிடும்.

தரையில் கிடப்பதை முதலில் உலர்ந்த வாரியலால்தான் கூட்ட வேண்டும் (எங்கள் ஊரில் துடைப்பத்துக்கு வாரியல் என்றே பெயர்). தண்ணீர் பட்டால் இந்தக் களிமண் உப்பிக் குழைந்துவிடும். எங்கள் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரத்துணி போட்டு நானே வழுக்கினேன். மாசமாக இருக்கிற பெண் என்றால் என்ன ஆகும்? கக்கூஸிலும் கொட்டக்கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய தினத்தாளில் பொதிந்து குப்பைக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். டப்பை வாரம் ஒருமுறை கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறேன். பினாயில் பூனைக்கு ஆகாது. அந்த முட்டைகளுக்கோ ப்ளீச்சிங் பவுடர்கூட ஒன்றும் செய்யாது.

இந்த ஆனியில் மகள் பேரனோடு வந்திருக்கிறாள். தவழ்கிற பிள்ளை, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்கு. அவன் வருவதற்கு முன் நானே கதவைச் சாத்திக்கொண்டு பட்டாசல் முழுக்கத் தவழ்ந்து பார்த்தேன். அலமாரிக் காலுக்குப் பின்னால் இரண்டே இரண்டு குருணை. அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்து, "என்னட்டி, உனக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்றார்கள்.

சாக்கை வெளியே கொண்டுபோய் உதறுவது இவர் வேலை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்க வேண்டும். முதல் வாரம் இவர் பார்க்கவில்லை.