கரண்ட் போகட்டும், கம்ப்யூட்டர் பிழைக்கட்டும்!



போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. என் பெரிய பெண் பி.காம். கடைசி வருஷம். கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய பிராஜக்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று வாரமாக டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் நல்ல மழை. கரண்ட் போச்சு, வந்தது, மறுபடி போச்சு. அடுத்த தடவை வந்தபோது ஃபேன் பேய் வேகத்தில் சுற்றியது. சாமி அலமாரியில் இருந்த குண்டு பல்பு கண் கூசும்படி எரிந்தது. 'பட்'டென்று ஒரு சத்தம். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கருகல் வாடை வந்தது. தோசைதானோ என்று திருப்பிப் பார்த்தேன். தோசை நன்றாகத்தான் இருந்தது!

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பவர் சப்ளை, மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் மூன்றும் போய்விட்டன. அவள் அடித்த நாற்பது பக்கமும் அதோடு போயிற்று. குழந்தை அன்று சாப்பிடவே இல்லை.

"ஸ்பைக் பஸ்டர் என்று கேட்டு வாங்கிய பலகையில்தானே சொருகியிருந்தோம்?" என்று இவர் அங்கலாய்த்தார். மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி அந்தப் பலகையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு சுவிட்சும் சிவப்பு விளக்கும்தான் இருந்தன. மின்சாரம் எகிறும்போது தடுக்கிற சாமான் எதுவுமே இல்லை! பிறகு சுவரில் இருந்த மூன்று பின் பாயிண்டைக் கழற்றினார். உள்ளே எர்த் ஒயர் எதிலும் சேராமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, கம்ப்யூட்டரைத் தொட்டா சுர்ருன்னு இருந்திருக்குமே, யாரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

என் பெண் என்னைப் பார்த்தாள். அவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். "ஈரக்கையோட தொட்டிருப்பே, போடி" என்று விரட்டியவள் நானேதான். இதைத்தான் உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்றால் அங்கே எர்த் சரியில்லை என்று அர்த்தம். தவழுகிற குழந்தை உள்ள வீட்டில் இதைக் கம்ப்யூட்டர் விஷயமாக மட்டும் நினைக்காதீர்கள்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாயிண்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கிச் சொருகும் கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். அது எர்த்தையே துண்டித்துவிடும். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்து போகும். துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம் ஊற்றுங்கள்.

அடுத்தது ஸ்பைக் பஸ்டர். நல்ல பலகைக்குள் வாரிஸ்டர் என்று ஒரு சின்ன வில்லை இருக்கும். மின்சாரம் திடீரென்று எகிறினால் அந்த அதிகப்படியைத் தன் வழியாகத் திருப்பிவிடும். எத்தனை ஜூல் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் இது ஆயுசுக்கும் வராது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும். பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டும் விளக்கு சில பலகைகளில் உண்டு. அது அணைந்தால் பலகையை மாற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று, இந்த வில்லை கண் சிமிட்டும் நேரத்து எகிறலைத்தான் தாங்கும். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறி அப்படியே நிற்கும். அதற்கு இது ஈடு கொடுக்காது. ஃபேன் தாறுமாறாகச் சுற்றினாலோ, குண்டு பல்பு பளீரென்று எரிந்தாலோ, காலில் செருப்போடு, கையைத் துடைத்துக்கொண்டு போய் மெயினை அணைத்துவிடுங்கள். எல்.இ.டி. விளக்கு பல சமயம் காட்டிக் கொடுக்காது.

இனி யு.பி.எஸ். 'இது இருந்தால் கரண்ட் இல்லாமலே வேலை பார்க்கலாம்' என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. செய்ததைப் பத்திரப்படுத்தி, முறைப்படி கம்ப்யூட்டரை மூட அவகாசம் கொடுப்பதுதான் அதன் வேலை. அளவு பார்ப்பது சுலபம். எங்கள் வீட்டில் பெட்டி 100 வாட்ஸ், மானிட்டர் 30, மோடம் 10, ஆக 140. பொதுவாக 600 வி.ஏ. யு.பி.எஸ். 360 வாட்ஸ் வரை தாங்கும். அதனால் அது எங்களுக்குத் தாராளம். பேட்டரி புதிதாக இருக்கும்வரை கால் மணி நேரம் போல வருகிறது. வி.ஏ. கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாமல் வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

யு.பி.எஸ்ஸில் இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, லேசர் பிரிண்டர் எதையும் சொருகக் கூடாது. காற்றுப் போகிற இடத்தில் வையுங்கள். நான் ஆசையாகப் பூ வேலை செய்த உறை ஒன்றைப் போட்டு மூடியிருந்தேன். என் பெண் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டாள். சூடுதான் பேட்டரிக்கு எமன்! இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். பழையதைக் கொடுத்தால் கடையில் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. மாதம் ஒரு முறை வேலையைப் பத்திரப்படுத்திவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். பிளக்கை உருவிவிடாதீர்கள், எர்த் போய்விடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதில் 'யு.பி.எஸ். மோடு' இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முறையில் அது மாறுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம். மடிக் கம்ப்யூட்டருக்கு அதனுள்ளேயே பேட்டரி இருப்பதால் நல்ல ஸ்பைக் பஸ்டர் போதும். இடி இடிக்கும்போது மட்டும் எதையும் நம்பாமல் முன்கூட்டியே பிளக்கோடு டெலிபோன், கேபிள் ஒயரையும் கழற்றி வைத்துவிடுங்கள். அந்த வழியாகவும் வரும்.

என் பெண் கையெழுத்துக் குறிப்புகளை வைத்துக்கொண்டு ராப்பகலாக உட்கார்ந்து மறுபடி நாற்பது பக்கமும் அடித்தாள். நான் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் கொடுத்தேன். இப்போது தினமும் படுக்கப் போகுமுன் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து என்னிடம் தருகிறாள். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், ஈரம் படாத ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். அவள் ஏதாவது சுர்ருங்குது என்றால், அடுப்பை அணைத்துவிட்டு முதலில் போய்ப் பார்க்கிறேன்.